கட்டிவைத்த கப்பல், மூடிவைத்த கார்

லண்டன் டவர் தெருவில் எட்வர்ட் லாயிட் என்றொருவர் காபிக் கடை வைத்திருந்தார். 1688 வாக்கில் அந்தக் கடையைப் பற்றிய முதல் குறிப்பு கிடைக்கிறது. கப்பல் முதலாளிகள், மாலுமிகள், சரக்கு அனுப்பும் வியாபாரிகள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். கப்பலின் பெயர், சரக்கு, போய்ச்சேரும் துறைமுகம் எல்லாம் எழுதிய தாள் ஒன்று மேசை மேசையாகச் சுற்றி வரும். நஷ்டம் வந்தால் பங்கேற்கத் துணிந்தவர்கள் அதற்குக் கீழே தங்கள் பெயரையும் தொகையையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். கீழே எழுதுகிறவர் என்பதால் அவர் ‘அண்டர்ரைட்டர்’. இன்று நம் கார் பாலிசியை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவருக்கும் அதே பெயர்தான்.

கார் இன்சூரன்ஸ் பற்றி எழுத உட்கார்ந்தவன் ஏன் கப்பலில் ஏறுகிறான் என்று தோன்றலாம். என் கேள்வி இதுதான். ஒருவரிடம் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஒன்று தினமும் ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிறது. இன்னொன்று பழைய கார். வருடத்தில் சில மாதங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் துணியை விலக்கி வெளியே எடுக்கப்படுகிறது. மற்ற நாளெல்லாம் ஷெட்டில் தூங்குகிறது. அதற்கு வயது ஏற ஏறச் சந்தை விலை என்ற ஒன்றே இல்லாமல் போய்விடுகிறது, அல்லது யாரும் எதிர்பாராத விதமாக ஏறுகிறது. இந்த இரண்டாவது காரை எப்படி இன்சூர் செய்வது? மோட்டார் இன்சூரன்ஸ் தொழிலிடம் இதற்கு வெகுகாலம் சரியான பதில் இல்லை. பதில்கள் கடலில் கிடந்தன. நான் தேடிப் பார்த்தவரை முக்கியமான பதில்கள் இரண்டு.

முதலாவது, சும்மா இருக்கும் காலத்துக்கான கணக்கு. கப்பலுக்குப் பயண பாலிசி உண்டு, கால பாலிசியும் உண்டு. கால பாலிசி பொதுவாக ஒரு வருடத்துக்கு. ஆனால் வருடம் முழுவதும் எந்தக் கப்பல் ஓடுகிறது? பால்டிக் கடல் பக்கம் குளிர்காலத்தில் துறைமுகமே உறைந்துவிடும். சரக்கு கிடைக்காத மாதங்களில் கப்பலைத் துறையில் கட்டிப்போட்டுவிடுவார்கள். கட்டிப்போட்ட கப்பல் புயலில் சிக்காது, பாறையில் மோதாது. தீப்பிடிக்கலாம், திருட்டுப் போகலாம், அவ்வளவுதான். எனவே தொடர்ந்து 30 நாள் கப்பல் துறையில் கட்டிக்கிடந்தால் பிரீமியத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது என்ற ஷரத்து கப்பல் பாலிசிகளில் இடம்பெற்றது. ‘லெயிட் அப்’ என்பது அதற்கான ஆங்கிலத் தொழிற்சொல். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இந்திய மோட்டார் பாலிசியில் இதே சொல்லைப் பார்க்கப்போகிறோம்.

இரண்டாவது, மதிப்பை முன்கூட்டியே பேசி முடிப்பது. நடுக்கடலில் மூழ்கிய கப்பலை யார் போய் மதிப்பிடுவது? அது மூழ்கிய அன்று என்ன நிலையில் இருந்தது, பாய் புதியதா, பலகை உளுத்ததா, யாருக்குத் தெரியும்? அதனால் கிளம்பும் முன்பே இரு தரப்பும் ஒரு தொகையைப் பேசி எழுதிவிடுவார்கள். கப்பல் முழுதாகப் போனால் அந்தத் தொகை, பேரம் கிடையாது. 1906ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 27ஆம் பிரிவில் இதை வரையறுத்தது. மோசடி இல்லாதவரை, எழுதிய மதிப்பே இறுதி மதிப்பு.

மோசடி இல்லாதவரை என்று சொல்லியாயிற்று. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் பழைய காரை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனால் நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பதன் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில முதலாளிகள் ஓட்டைக் கப்பலுக்குப் பெரிய மதிப்பை எழுதி வாங்கி, அதில் பாரத்தையும் அளவுக்கு மீறி ஏற்றி அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தால் லாபம். மூழ்கினாலும் லாபம். மாலுமிகளுக்குத்தான் சாவு. அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்று சொன்னார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1873இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதி, அவையில் கத்தி, கடைசியில் 1876இல் ஒரு சட்டம் வந்தது. கப்பலின் வெளிப்பக்கத்தில் ஒரு கோடு வரைய வேண்டும், அந்தக் கோடு தண்ணீரில் மூழ்கும் அளவுக்குப் பாரம் ஏற்றக் கூடாது. கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பதை முதலில் முதலாளியிடமே விட்டுவிட்டார்கள் என்பது தனிக் கூத்து. எப்படியிருந்தாலும் இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். பழைய பொருளுக்கு அதிக மதிப்பு எழுதினால், அந்தப் பொருள் அழிவதில் யாருக்கோ ஆதாயம் வந்துவிடும்.

கார் வந்தபோது இந்தப் பயம் கூடவே வந்தது. காருக்கு விபத்தன்று இருந்த சந்தை விலைதான் கொடுப்போம், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்பது விதியானது. புதுக் காருக்கு அது நியாயமான விதி. வாங்கி வெளியே கொண்டுவந்த நிமிடத்திலிருந்து விலை இறங்கத் தொடங்கும் பொருள் அது. ஒவ்வொரு வருடமும் இத்தனை சதவீதம் கழித்துக்கொள் என்று பட்டியல் போட்டுவிடலாம்.

இதற்குள் சட்டமும் உள்ளே வந்தது. சாலையில் கார் மோதிச் செத்தவர்களுக்கும் கைகால் இழந்தவர்களுக்கும் நஷ்ட ஈடு தர மோதியவர்களிடம் பணம் இல்லை. வழக்கில் ஜெயித்தும் கையில் ஒன்றும் வராது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927 முதல் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1930ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் அதைச் செய்தது. இந்தியாவில் 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே மூன்றாம் நபர் காப்பீடு பற்றிய அத்தியாயம் எழுதப்பட்டுவிட்டது, ஆனால் நடைமுறைக்கு வந்தது போருக்குப் பிறகு, 1946 ஜூலை 1இல்தான். அடிபட்டவர் பக்கம் நின்று பார்த்தால் இந்தச் சட்டத்தைப் பற்றி இரண்டாவது பேச்சே இருக்க முடியாது. மோதிய வண்டிக்குப் பெயரும் நம்பரும் இருக்கிறது, அந்த நம்பருக்குப் பின்னால் ஒரு பாலிசி இருக்க வேண்டும். அவ்வளவு எளிமையாக இருந்தால்தான் ஏழைக்குப் பணம் கிடைக்கும்.

ஆனால் அந்த எளிமையினால்தான் நம்ம ஆளுக்குச் சிக்கல். நான் டேட்டாபேஸ் வடிவமைத்துப் பிழைப்பவன், எனக்கு இது உடனே ஒரு அட்டவணையாகத்தான் தெரிகிறது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு முதன்மைச் சாவி வேண்டும். மோட்டார் இன்சூரன்ஸ் தேர்ந்தெடுத்த சாவி வண்டி. ஓட்டுகிற மனிதரோ, ஓட்டுகிற மாதமோ அந்த அட்டவணையில் சாவி கிடையாது. மூன்று கார் வைத்திருப்பவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓட்ட முடியும், ஆனால் மூன்று முழுப் பிரீமியம் கட்ட வேண்டும். அந்தச் சாவியை மாற்ற நடந்த முயற்சிகள்தான் மிச்சக் கதை.

*

மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்று ஓர் ஏரிக்கரை ஊர். அங்கே ஃபிராங்க் ஹேகர்ட்டி, லூயிஸ் ஹேகர்ட்டி என்ற தம்பதியிடம் பழைய மரப் படகுகள் இருந்தன. மரப் படகை இன்சூர் செய்ய ஒழுங்கான கம்பெனி கிடைக்கவில்லை. 1984இல் தங்கள் வீட்டு நிலவறையிலேயே மரப் படகுகளுக்கான ஏஜென்சியை ஆரம்பித்தார்கள். படகு வைத்திருந்தவர்களிடம் பழைய கார்களும் இருந்தன. 1991இல் அவர்கள் கார்களுக்கும் பாலிசி தரத் தொடங்கினார்கள். இன்று உலகில் பழைய கார் இன்சூரன்ஸ் என்றால் முதலில் வரும் பெயர்களில் அது ஒன்று. 2021இல் நியூயார்க் பங்குச்சந்தைக்கும் போனது. படகுக்காரர்கள் காருக்கு வந்ததால் கடலின் விதி சாலைக்கு வந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், அமெரிக்காவில் அதற்கு முன்பே ஒன்றிரண்டு சிறு நிறுவனங்கள் பழைய கார்களுக்குப் பேசி முடித்த மதிப்பில் பாலிசி தந்துகொண்டிருந்தன. இருந்தாலும் எனக்கு அந்த மரப் படகு பிடித்திருக்கிறது.

அங்கே கார் உரிமையாளரும் கம்பெனியும் ஆரம்பத்திலேயே ஒரு தொகையைப் பேசி எழுதுகிறார்கள். கார் முழுதாகப் போனால் தேய்மானம் கழிக்காமல் அந்தத் தொகை. கப்பல் பாலிசியேதான். சவப்பெட்டிக் கப்பல் பயத்துக்கு என்ன செய்தார்கள்? ஒரு கோடு வரைந்தார்கள், ஆனால் காரின்மேல் அல்ல, அதை வைத்திருப்பவரின் வாழ்க்கைமேல். காரைப் பூட்டிய கராஜில் வைக்க வேண்டும். அதில் வேலைக்குப் போகக் கூடாது. ஓட்டுகிறவரின் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். இவற்றோடு எனக்கு மிகவும் சுவாரசியமான நிபந்தனை ஒன்று: தினசரி உபயோகத்துக்கு உங்களிடம் வேறொரு கார் இருந்தாக வேண்டும். சில கம்பெனிகள் வீட்டில் லைசென்ஸ் உள்ள ஆளுக்கு ஒரு கார் என்றுகூடக் கேட்கும்.

அதாவது அந்தப் பழைய காரின் பிரீமியத்தைக் குறைப்பது அது நிற்கும் கராஜில் பக்கத்தில் நிற்கும் சாதாரண கார். மழை, அவசரம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அந்தச் சாதாரண கார் சுமக்கிறது. அது இருப்பதால்தான் பழையது சும்மா இருக்க முடிகிறது. மிச்சிகனில் குளிர்காலத்தில் சாலையில் பனி உருக உப்பைக் கொட்டுவார்கள், உப்பு பழைய இரும்பைத் தின்றுவிடும். எனவே யாரும் சொல்லாமலேயே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பழைய கார்கள் வெளியே வருவதில்லை. வண்டி எண்ணை மட்டும் பார்த்து வந்த தொழில் அங்கே முதன்முறையாக ஒரு வீட்டின் எல்லா வண்டிகளையும் சேர்த்துப் பார்த்தது.

ஜெர்மானியர்கள் இதையே அவர்கள் பாணியில் செய்தார்கள், அதாவது நம்பர் பிளேட்டில் எழுதிவிட்டார்கள். 1997 மார்ச்சில் ‘சைசோன்கென்ஸைஷன்’ என்ற பருவகால நம்பர் பிளேட் வந்தது. பிளேட்டின் வலது ஓரத்தில் இரண்டு சின்ன எண்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. மேலே 04, கீழே 10 என்று இருந்தால் அந்தக் கார் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அக்டோபர் கடைசித் தேதி வரைதான் சாலைக்கு வரலாம். குறைந்தது இரண்டு மாதம், அதிகபட்சம் பதினோரு மாதம். அந்த மாதங்களுக்கு மட்டும் வரி, அந்த மாதங்களுக்கு மட்டும் பிரீமியம். மற்ற மாதங்களில் தெருவில் நிறுத்தக்கூட முடியாது. ஆனால் கொட்டகையில் இருக்கும்போது அதற்கு ஓய்வுக் காப்பீடு என்று ஒன்று தனிக் கட்டணமில்லாமல் தொடர்கிறது. துறையில் கட்டிய கப்பல் என்று நான் சொன்னது இதைத்தான். அதே 1997இல் 30 வயது தாண்டி, நல்ல நிலையில் காப்பாற்றப்பட்ட வண்டிகளுக்கு நம்பரின் கடைசியில் ‘எச்’ என்ற எழுத்தும் கொடுத்தார்கள். அந்த எழுத்துள்ள காருக்கு இன்ஜின் எவ்வளவு பெரிதானாலும் வருடத்துக்கு ஒரே வரி, 191.73 யூரோ. இந்த இரண்டையும் ஒரே பிளேட்டில் சேர்த்துப் போட 2017 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை பருவமா பழமையா, ஒன்றைத் தேர்ந்தெடு என்றார்கள். அரசாங்க மென்பொருள் எழுதியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இன்னும் ஒரு படி மேலே போனது ஆஸ்திரியா. அங்கே மூன்று வண்டிகள் வரை ஒரே நம்பரை வைத்துக்கொள்ளலாம். பிளேட்டைக் கழற்றி எதில் மாட்டுகிறீர்களோ அது ஓடலாம், மற்றவை நிற்க வேண்டும். பிரீமியம் மூன்றில் எதற்கு அதிகமோ அதற்கு மட்டும். ஒரு மனிதர், ஒரு நேரத்தில் ஒரு வண்டி என்ற உண்மையை அப்படியே தகரத்தில் அடித்துவிட்டார்கள். ஜெர்மனியும் 2012 ஜூலையில் இரண்டு வண்டிக்கு ஒரு பிளேட் என்று கொண்டுவந்தது. ஆனால் வரியை இரண்டுக்கும் முழுதாகக் கட்டு என்றார்கள். பிறகு யார் வாங்குவார்கள்? பெரிதாக எடுபடவில்லை.

ஐரோப்பாவில் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2007இல் ஸ்லோவேனியா நாட்டுப் பண்ணையொன்றில் வைக்கோல் அடுக்கிக்கொண்டிருந்த தொழிலாளியின் ஏணியை டிராக்டரோடு இணைத்த டிரெய்லர் இடித்துத் தள்ளிவிட்டது. அது பொதுச்சாலை இல்லை, தனியார் பண்ணை. கட்டாய இன்சூரன்ஸ் அதற்கும் பொருந்துமா என்று வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2014இல் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. ஏணியிலிருந்து விழுந்தவருக்கு அது நியாயம். ஆனால் அந்தத் தீர்ப்பை நேர்க்கோட்டில் நீட்டினால், மியூசியத்தில் கண்ணாடிக்குள் நிற்கும் காருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கேட்கலாமோ என்று பழைய கார் சங்கங்கள் பதறின. 2021இல் புதிய ஐரோப்பிய உத்தரவு வந்து, வண்டியை வண்டியாக ஓட்டும்போதுதான் என்று தெளிவுபடுத்திய பிறகே அந்தப் பதற்றம் அடங்கியது. பிரிட்டன் தன் பங்குக்கு 2022இல் தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பைக் கழற்றிவிட்டது.

*

இந்தியாவுக்கு வருவோம். இங்கே 1973இல் பொதுக் காப்பீடு தேசியமயமாகி, 107 கம்பெனிகள் நான்காகச் சுருங்கின. அதில் ஒன்றுக்குத் தலைமையகம் சென்னை. மோட்டார் பிரீமியத்தைக் கம்பெனிகள் தீர்மானிக்கவில்லை, கட்டண ஆலோசனைக் குழு தீர்மானித்தது. நாடு முழுக்க ஒரே விலைப் புத்தகம். அந்தப் புத்தகத்தின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பை நான் உட்கார்ந்து முழுதும் வாசித்திருக்கிறேன். ஒரு பழைய அரசாங்க நாவல் போல இருக்கும். கட்டணக் கட்டுப்பாடு 2007 ஜனவரியில் போய்விட்டது, ஆனால் பாலிசியின் வாசகங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவைதான்.

அதில் பழைய காருக்கு இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. பேசி முடித்த மதிப்பில் பாலிசி தரக் கூடாது என்று பொதுவாகத் தடை செய்துவிட்டு, ஒரே ஒரு விலக்குக் கொடுத்தார்கள்: விண்டேஜ் கார். விண்டேஜ் என்றால்? 1940 டிசம்பர் 31க்கு முன் தயாரானது, இந்திய விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் சான்றளித்தது. அவ்வளவுதான். சுதந்திர இந்தியாவில் உருவான ஒரு கார்கூட அதற்குள் வர முடியாது. உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த பிரீமியர் பத்மினி, நம் மெட்ராஸிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், எதுவும் வராது. மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸை மனதில் வைத்து எழுதிய விதி அது.

இன்னொரு ஜன்னல் ‘லெயிட் அப்’. அதே கடல் சொல், மோட்டார் புத்தகத்தில். வண்டியைத் தொடர்ந்து இரண்டு மாதத்துக்குக் குறையாமல் ஷெட்டில் நிறுத்தி, கம்பெனிக்கு முன்கூட்டியே தெரிவித்தால், அந்தக் காலத்துக்குரிய பிரீமியத்தில் சலுகை. நான் கேட்ட ஏஜென்ட்டுகளில் ஒருவருக்குக்கூட இப்படி ஒரு ஷரத்து இருந்தது தெரியவில்லை. “சார், வண்டிய ஓட்டலன்னு யாராச்சும் போய் சொல்வாங்களா?” என்றார் ஒருவர். கேள்வியில் நியாயம் இருக்கிறது.

சாதாரணக் கார்களுக்கு 2002இல் வந்த முக்கியமான மாற்றம் ஐ.டி.வி. என்ற அறிவிக்கப்பட்ட மதிப்பு. அதற்கு முன்பு நீங்கள் ஒரு மதிப்பைச் சொல்லிப் பிரீமியம் கட்டுவீர்கள், வண்டி போன பிறகு கம்பெனி வேறொரு சந்தை விலையைச் சொல்லும். பிரீமியம் வாங்கும்போது மூன்றரை லட்சத்தை ஏற்றுக்கொண்டுவிட்டு, கொடுக்கும்போது ஏறக்குறைய பாதிக்கு இறங்கிய ஒரு வழக்கு 2008இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. வாங்கும்போது ஏற்ற மதிப்பைக் கொடுக்கும்போது மறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். ஐ.டி.வி. இந்தக் குளறுபடியை முடிக்க வந்தது. பட்டியலிட்ட விலையிலிருந்து ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு, ஒரு வருடத்துக்குள் 15, இரண்டாம் வருடம் 20, பிறகு வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாம் வருடம் 50. அந்த வருடம் முழுவதும் அதுதான் சந்தை மதிப்பு என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும்.

ஐந்து வருடம் தாண்டினால்? பட்டியல் அங்கே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இருதரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று ஒரே வரி. அந்த வரியை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். விண்டேஜ் காருக்கு மட்டும் என்று முன்கதவில் பூட்டுப் போட்டுவிட்டு, கொல்லைக் கதவை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பேசுவதற்கு எதிரே ஆள் இருக்க வேண்டும். இப்போது எதிரே இருப்பது ஒரு திரை. அதில் வண்டியின் தயாரிப்பு வருடத்தைத் தட்டினால் ஒரு எண் தானாக வருகிறது. அப்படிப்பட்ட திரைகளை என் போன்றவர்கள்தான் எழுதுகிறோம்.

அந்த எண் குறைவாக இருந்தால் என்ன, பிரீமியமும் குறைவுதானே என்று கேட்கலாம். விஷயம் அங்கே இல்லை. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்த வண்டி முழு நஷ்டமாகக் கருதப்படும். பழைய காருக்குத் திரை கொடுத்த எண் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 ரூபாய்க்கு மேல் ஒரு அடி விழுந்தால் போதும், கதவும் மட்கார்டும் நசுங்கினாலே அவ்வளவு ஆகும், வண்டி கணக்கில் செத்துவிட்டது. கையில் 40,000 வரும், வண்டி காயலான் கடைக்குப் போகும். ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் என்று எழுதியிருந்தால் அதே அடி வெறும் ரிப்பேர். குறைத்து மதிப்பிடுவதும் வண்டியைக் கொல்லும். பிளிம்சால் பார்த்தது அதிக மதிப்பு கொன்ற கப்பல்களை. இது அதன் மறுபக்கம்.

*

என் பெரியப்பாவிடம் ஒரு பத்மினி இருக்கிறது, 1984ஆம் வருடத்துக் கார். ஸ்டியரிங் தண்டிலேயே கியர். ஜாபர்கான்பேட்டையில் தரைத்தள வீடு. 2015இல் அவரிடம் இரண்டு கார்கள். இன்னொன்று மூன்று வருடம் ஆன சின்ன ஹேட்ச்பேக், அக்கா ஓட்டுவது. அதற்கு முழு இன்சூரன்ஸ் இருந்தது. பத்மினிக்கு மூன்றாம் நபர் மட்டும். முழு பாலிசி கேட்டபோது, “பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிய சிஸ்டமே எடுக்காது சார்” என்று ஒரு கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது, கம்பெனியின் உள்விதி அது. பெரியப்பாவுக்குச் சண்டை போடும் சுபாவம் இல்லை.

டிசம்பர் முதல் தேதி ராத்திரி அடையாறு தெருவுக்குள் வந்தது. இரண்டு கார்களும் டேஷ்போர்டு வரை தண்ணீரில் நின்றன. ஹேட்ச்பேக்கின் மின்னணுப் பெட்டி போய்விட்டது, சர்வேயர் வந்து பார்த்து முழு நஷ்டம் என்று எழுதினார், பணமும் வந்தது. பத்மினியில் கெடுவதற்கு மின்னணு எதுவும் இல்லை. அசோக் நகர் மெக்கானிக் ஒருவர் இன்ஜின் ஆயிலை மூன்று முறை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, டைனமோவை வெயிலில் காயவைத்து, சீட்டுக்குள்ளிருந்த நாரை எல்லாம் பிடுங்கிப் போட்டு, பிப்ரவரியில் ஸ்டார்ட் பண்ணிவிட்டார். 68,000 ரூபாய். அவ்வளவும் கைக்காசு. எந்தக் கம்பெனியும் கௌரவித்திருக்கக்கூடிய எந்த ஐ.டி.வி.யிலும் அது முழு நஷ்டமாகத்தான் ஆகியிருக்கும் என்பதை நான் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாலிசி இல்லாததால் அந்தக் கார் பிழைத்தது. இது யாரும் பெருமைப்படக்கூடிய ஏற்பாடு இல்லை.

இப்போது அக்கா அதைக் கையில் எடுத்திருக்கிறாள். மெக்கானிக் பில்கள், நாலு பக்கமும் எடுத்த போட்டோ, அதே மாடல் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, திரைக்குப் பதிலாக ஆள் உட்கார்ந்திருக்கும் ஒரு கிளை அலுவலகத்தைத் தேடிப்போய், பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்ற அந்த ஒற்றை வரியைக் காட்டி, ஒன்றரை லட்சத்துக்கு முழு பாலிசி வாங்கிவிட்டாள். வண்டியை நேரில் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்து பத்து நிமிடம் நின்றுகொண்டிருந்தாராம், அவருடைய அப்பாவிடமும் ஒன்று இருந்ததாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கு இங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. வண்டி உரிமையாளரே ஓட்டி இறந்தால் தரும் தொகை, காருக்கு 2 லட்சமாகவும் பைக்குக்கு 1 லட்சமாகவும் இருந்தது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உயர்த்தச் சொன்னது, 2018 செப்டம்பரில் 15 லட்சமாக ஆனது. பிரீமியம் 750 ரூபாய். ஆனால் அதையும் வண்டிக்கு வண்டி கேட்டார்கள். ஒரு மனிதர் மூன்று வண்டிகளில் ஒரே நேரத்தில் சாக முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, 2019 ஜனவரி முதல் ஒருவருக்கு ஒரு பாலிசி போதும் என்றார்கள். இந்திய மோட்டார் காப்பீட்டில் சாவி வண்டியிலிருந்து மனிதருக்கு மாறிய இடம் என்று நான் இதைத்தான் சொல்வேன். 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒருவருக்குச் சொந்தமான கார், பைக் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஃப்ளோட்டர் பாலிசி தரலாம் என்றும், ஓட்டுகிற தூரத்துக்கு ஏற்பப் பிரீமியம் வாங்கலாம் என்றும் அனுமதித்தது. இரண்டும் சொந்த வண்டிச் சேதத்துக்கு மட்டும். மூன்றாம் நபர் காப்பீடு இன்றும் ஒவ்வொரு வண்டிக்கும் தனிதான், அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

அதே வருடம் வந்த மூன்றாம் நபர் கட்டண அறிவிப்பில் விண்டேஜ் காருக்குப் பாதிக் கட்டணம் என்றும் சேர்த்தார்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் 1940 என்ற பழைய எல்லைக்குப் பதிலாக முதல் பதிவிலிருந்து 50 வருடம் என்று வைத்திருக்கிறது. 20,000 ரூபாய் கட்டினால் நம்பரின் நடுவில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு பத்து வருடத்துக்குப் பதிவு. 15 வருடத்தில் பதிவு முடியும் சாதாரணக் காருக்கோ புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில் உள்ள முப்பத்தைந்து வருடத்தை ஒரு கார் எப்படித் தாண்டுவது என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஜெர்மனியில் அந்த இடைவெளி முப்பது வயதில் முடிந்துவிடுகிறது.

பெரியப்பாவின் பத்மினி 2034இல் ஐம்பதைத் தொடும். அப்போது அவருக்கு 83. ‘வி.ஏ.’ பதிவு வாங்கிய வண்டியை எதற்கெல்லாம் வெளியே எடுக்கலாம் என்று விதியில் பட்டியல் இருக்கிறது: கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு. வழக்கமான உபயோகத்துக்குக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு வடபழனி கோயிலுக்குப் போவதை இதில் எதன்கீழ் சேர்ப்பது என்று அக்கா இப்போதே என்னிடம் கேட்கிறாள்.